தாயின் ஆன்டிபாடி, சிசுவின் துடிப்பு: இதய லயம் தவறுவதற்கு நோய் எதிர்ப்பு சக்தி காரணமாகும்போது

ஐந்தாம் மாத ஸ்கேன். சிசுவின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிக்க வேண்டும், திரையில் 58 என்று வருகிறது. டாக்டர் ப்ரோபை மெல்ல நகர்த்தி, இதயத்தின் மேலறையும் கீழறையும் ஒரே கோட்டில் விழும்படி பிடித்து, அறைகளின் அசைவை அலைகளாகக் காட்டும் எம்-மோட் படத்தை ஓடவிடுகிறார். மேலே ஒரு வரிசை அலைகள், 140 என்ற கணக்கில் ஒழுங்காகப் போகின்றன. கீழே இன்னொரு வரிசை, அதற்கும் மேலே உள்ளதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் 58 என்ற கணக்கில் தன்பாட்டுக்குப் போகிறது. இதயத்தில் ஓட்டை இல்லை, வால்வு கோளாறு இல்லை, அறைகள் எல்லாம் சரியாகவே உருவாகியிருக்கின்றன. மேலறையில் பிறக்கும் மின் சைகை கீழறைக்குப் போய்ச் சேரவில்லை.

இதற்குப் பெயர் பிறவி ஹார்ட் பிளாக். (பிளாக் என்றதும் நம் ஊரில் ரத்தக்குழாய் அடைப்பு என்று நினைத்துக்கொள்வார்கள், இது அதுவல்ல, இங்கே தடைபட்டிருப்பது மின்பாதை.) அடுத்து டாக்டர் பார்ப்பது அம்மாவை. "கண் உறுத்தல், வாய் காய்ந்து போவது, மூட்டு வலி, வெயில் பட்டால் தோலில் சிவப்பு, இப்படி ஏதாவது உண்டாம்மா?" பாதிப் பெண்கள் "அப்படி எதுவுமே இல்லையே டாக்டர்" என்பார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஆன்டி-ரோ என்ற ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வரும். அதற்குச் சேர்த்தியாக ஆன்டி-லா என்ற இன்னொன்றும் சில சமயம் இருக்கும்.

கொரோனாவுக்குப் பிறகு ஆன்டிபாடி என்றால் என்ன என்று யாருக்கும் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து வரும் கிருமியை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதம். அதுவே நம் உடம்பின் சொந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டால் அது தன்னெதிர் ஆன்டிபாடி. லூபஸ், கண்ணும் வாயும் காய்ந்துபோகும் ஷோகிரன், முடக்குவாதம் போன்ற நோய்களில் இவை மூட்டையும் தோலையும் சிறுநீரகத்தையும் என்ன செய்கின்றன என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். இதயத்தின் மின்சார வேலையில் இவை கைவைக்கும் என்பது மட்டும் டாக்டர்களிடையேகூட போதிய அளவு பேசப்படுவதில்லை, இதயத்துக்கு ஒரு டாக்டர், மூட்டுக்கு ஒரு டாக்டர் என்று நோயாளி பிரிந்து போய்விடுவதால் நடுவில் இருக்கும் இந்த விஷயம் யார் கண்ணிலும் படாமல் நழுவிவிடுகிறது என்பது என் எண்ணம்.

சிசுவின் கதைக்கு வருவோம், ஏனென்றால் தன்னெதிர் ஆன்டிபாடிதான் காரணம் என்று மிகத் தெளிவாகக் காட்டக்கூடிய இடம் இதுதான். பிறவி ஹார்ட் பிளாக்கை உருகுவேயைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் லூயிஸ் மோர்க்கியோ 1901லேயே எழுதிவைத்திருக்கிறார். 1928ல் ஏல்வார்ட் என்ற மருத்துவர், உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கும் நோயுள்ள ஒரு தாய்க்கு இரண்டு குழந்தைகள் இப்படிப் பிறந்ததைப் பதிவு செய்தார். அந்தத் தாயின் நோயை இன்று ஷோகிரன் என்றுதான் சொல்வோம். ஆனாலும் இரண்டையும் சேர்த்து யோசிக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1970களின் பிற்பகுதியில் லூபஸ் உள்ள தாய்மார்களுக்கு இப்படிக் குழந்தைகள் பிறப்பதைப் பல இடங்களில் கவனித்தார்கள், 1983ல் ஆன்டி-ரோ ஆன்டிபாடியோடு உள்ள தொடர்பு வெளியானது.

இது நடக்கும் விதம் இப்படி. கர்ப்பத்தின் மூன்றாம் மாத முடிவிலிருந்தே தாயின் ஐஜிஜி வகை ஆன்டிபாடிகளை நஞ்சுக்கொடி சிசுவுக்குக் கொண்டுபோக ஆரம்பிக்கிறது. பிறந்த குழந்தைக்கு முதல் சில மாதங்கள் நோய் தொற்றாமல் காப்பது இந்த ஏற்பாடுதான், அவற்றைப் பிடித்துக் கடத்துவதற்கென்றே எஃப்.சி.ஆர்.என். என்ற ஏற்பி இருக்கிறது. அது நல்லது கெட்டது பார்ப்பதில்லை, அம்மை எதிர்ப்பும் போகும், ஆன்டி-ரோவும் போகும். ரோ புரதம் சாதாரணமாக செல்லின் உள்ளே இருக்கிறது, ஆன்டிபாடியால் அங்கே நுழைய முடியாது. ஆனால் உருவாகிக்கொண்டிருக்கும் இதயத்தில் தேவையில்லாத செல்கள் முறையாக மடிந்துகொண்டே இருக்கும், மடியும் செல்லில் இந்தப் புரதம் வெளிப்பரப்புக்கு வந்துவிடுகிறது. ஆன்டிபாடி அங்கே ஒட்டுகிறது. சத்தமில்லாமல் அப்புறப்படுத்தப்பட வேண்டிய செல், இப்போது கழிவுச் செல்களை விழுங்கும் மேக்ரோபேஜ்களைத் தூண்டிவிடுகிறது, அழற்சி வருகிறது, அழற்சி ஆறும்போது தழும்பு விழுகிறது. அந்தத் தழும்பு மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ஏ.வி. முடிச்சில் விழுந்தால் பாதை அடைபட்டது அடைபட்டதுதான். சில சமயம் அந்த இடத்தில் சுண்ணாம்பே படிந்துவிடுகிறது.

இது ஒரு வழி. இன்னொரு வழியும் இருக்கிறது, ஆன்டிபாடி நேரடியாக, செல்லுக்குள் கால்சியத்தை விடும் வாசலான எல்-வகை கால்சியம் சேனலில் போய் ஒட்டி அதை மந்தமாக்குவது. ஏ.வி. முடிச்சு வேலை செய்வதே கால்சியத்தை நம்பித்தான். அதிலும் சிசுவின் இதய செல்லுக்குள் கால்சியச் சேமிப்பு இன்னும் முதிராததால் வெளியிலிருந்து வரும் கால்சியத்தையே அது பெரிதும் சார்ந்திருக்கிறது. அதே ஆன்டிபாடியைத் தன் ரத்தத்தில் வைத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு ஏன் ஹார்ட் பிளாக் வருவதில்லை என்ற கேள்விக்கு இது ஒரு நல்ல பதில். இரண்டு வழிகளில் எது முதலில், எது முக்கியம் என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரண்டும் சேர்ந்துதான் நடக்கிறது என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இங்கே எண்களைக் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் ரிப்போர்ட்டைப் பார்த்து நடுங்கிப்போகும் பெண்கள் நிறைய. ஆன்டி-ரோ பாசிட்டிவாக உள்ள தாய்மார்களில் 100க்கு 1 அல்லது 2 பேருடைய குழந்தைக்குத்தான் ஹார்ட் பிளாக் வருகிறது. மீதிப் பேருடைய குழந்தைக்கு அது வருவதில்லை. ஆனால் ஒரு குழந்தைக்கு வந்துவிட்டால் அடுத்த கர்ப்பத்தில் அந்த வாய்ப்பு 100க்கு 16 முதல் 20 வரை உயர்கிறது. ஒரே கருப்பையில் இருக்கும் ஒற்றைக்கரு இரட்டையரில் ஒன்றுக்கு வந்து இன்னொன்றுக்கு வராமல் போனதும் பதிவாகியிருக்கிறது. அதாவது ஆன்டிபாடி இல்லாமல் இந்த வகை பிளாக் வராது, ஆன்டிபாடி மட்டும் இருந்தாலும் வராது, சிசுவின் பக்கத்திலும் ஏதோ ஒன்று சேர வேண்டும். அளவும் முக்கியம், ஆன்டிபாடி மிக அதிகமாக உள்ள தாய்மார்களிடம்தான் பெரும்பாலும் இது நடக்கிறது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குழந்தைக்கு ஒன்று என்றால் வீட்டில் முதல் விரல் நீளுவது அம்மாவை நோக்கித்தான். "நீ என்ன சாப்பிட்டாய், கிரகண நேரத்தில் வெளியே போனாயா, உன் ரத்தத்தில்தான் கோளாறாமே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். தன் உடம்பில் இப்படி ஒரு ஆன்டிபாடி இருப்பதையே அந்தப் பெண் அன்றைக்குத்தான் தெரிந்துகொள்கிறாள், அதை வரவழைக்க அவள் எதுவும் செய்யவில்லை, தடுக்க அவளால் முடிந்தும் இருக்காது. குடும்பத்தாரிடம் இதைச் சொல்லி அனுப்புவதும் சிகிச்சையின் பாகம் என்றே நினைக்கிறேன்.

பிளாக் பெரும்பாலும் விழுவது 18 முதல் 24 வாரத்துக்குள். பிரச்சினை என்னவென்றால் இது படிப்படியாக வரும் என்று நம்பி வாரம் ஒருமுறை ஸ்கேன் செய்துகொண்டிருந்தால் போதாது. இன்று சரியாக இருக்கும் துடிப்பு 24 மணி நேரத்துக்குள் முழு பிளாக்காக மாறிவிடலாம். முழுமையாக விழுந்துவிட்டால் எந்த மருந்தாலும் திருப்ப முடியாது. டெக்ஸாமெத்தசோன் போன்ற, நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும் ஸ்டீராய்டுகளை இன்னும் முழுதாகாத இரண்டாம் நிலை பிளாக்கில் கொடுத்துப் பார்க்கிறார்கள், சிலருக்குத் திரும்பியிருக்கிறது, பலருக்கு இல்லை. அதனால்தான் அமெரிக்காவில், ஆன்டிபாடி அதிகமுள்ள தாய்மார்களிடம் சிறிய டாப்ளர் கருவியைக் கொடுத்து வீட்டிலேயே தினமும் பல முறை சிசுவின் துடிப்பைக் கேட்கச் சொல்லும் ஆய்வு நடந்தது. தாளம் தப்பினால் உடனே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். செவிலியர் பயிற்சி எதுவும் இல்லாத தாய்மார்களே வித்தியாசத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த செய்தி.

பிளாக் வந்த சிசுக்களில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக உயிரிழக்கின்றன, பெரும்பாலும் கருவிலேயே அல்லது பிறந்த சில மாதங்களில். துடிப்பு 50க்குக் கீழே போனதும் உடம்பில் நீர் கோத்துக்கொண்டதும் மோசமான அறிகுறிகள். பிழைத்துக்கொள்ளும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு பேஸ்மேக்கர் தேவைப்படுகிறது. பச்சிளம் குழந்தையின் நெஞ்சில் அந்தக் கருவிக்கு இடமே கிடையாது, ரத்தக்குழாய் வழியாக வயரைச் செலுத்தவும் முடியாது. அதனால் வயரை இதயத்தின் வெளிப்புறத்தில் தைத்து, பேட்டரிப் பெட்டியை வயிற்றுத் தோலுக்கும் தசைக்கும் அடியில் வைக்கிறார்கள். குழந்தை வளர வளர வயரின் நீளம் போதாமல் போகும், பேட்டரி தீர்ந்துபோகும், வாழ்நாளில் பலமுறை மாற்ற வேண்டியிருக்கும். இந்தக் குழந்தைகளில் சிலருக்கு முகத்தில் வட்டமாகச் சிவந்த தடிப்பும் வரும், அது ஆறேழு மாதத்தில் தாயின் ஆன்டிபாடி உடம்பிலிருந்து தீர்ந்ததும் தானாக மறைந்துவிடும். இதயத்தின் தழும்பு மறையாது. குழந்தைக்கு லூபஸ் இருக்கிறதா என்று பயப்பட வேண்டியதில்லை, அந்த ஆன்டிபாடி அதனுடையது இல்லை.

சரி, தடுக்க வழி இருக்கிறதா? இருக்கிறது, அதுவும் மலிவான வழி. கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் அடிபட்ட ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை. கொரோனாவுக்கு அது உதவவில்லை, ஆனால் லூபஸ் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் உட்பட, டாக்டர் கண்காணிப்பில் பல பத்தாண்டுகளாக எடுத்துவரும் மருந்து அது. நியூயார்க்கைச் சேர்ந்த இஸ்மர்லி, ஜில் பையன் குழுவினர் 2020ல் வெளியிட்ட ஆய்வில், முன்பு ஒரு குழந்தைக்கு ஹார்ட் பிளாக் வந்த தாய்மார்களுக்கு, அடுத்த கர்ப்பத்தில் 10 வாரத்துக்கு முன்பே தினமும் 400 மில்லிகிராம் தொடங்கினார்கள். 54 கர்ப்பங்களில் 4ல் மட்டும் பிளாக் வந்தது, அதாவது 7.4 சதவீதம். வழக்கமாக எதிர்பார்ப்பது 18 சதவீதம். மருந்து கொடுக்காத ஒரு குழுவை இணையாக வைத்து ஒப்பிடவில்லை, பழைய கணக்கோடுதான் ஒப்பிட்டார்கள் என்பது அந்த ஆய்வின் குறைதான். ஆனாலும் அந்த நிலையில் இருக்கும் ஒரு தாயிடம் "சும்மா இருங்கள், பார்ப்போம்" என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. இங்கே 10 வாரம் என்பதைக் கவனியுங்கள். கர்ப்பம் உறுதியாகி, முதல் ஸ்கேன் எடுத்து, ரிப்போர்ட்டோடு மூட்டு நோய் நிபுணரைத் தேடிப் போவதற்குள் பலருக்கு அந்தக் காலம் தாண்டிவிடும், ஆகவே இந்தப் பேச்சு கர்ப்பத்துக்கு முன்பே நடக்க வேண்டும்.

பெரியவர்களின் இதயத்தையும் ஆன்டி-ரோ சும்மா விடுவதில்லை என்று கடந்த இருபது ஆண்டுகளாக ஒரு வாதம் வலுத்துவருகிறது. இத்தாலியின் சியெனா நகரத்து லாட்சரினி, நியூயார்க்கின் முகமது பூட்ஜ்தீர் ஆகியோரின் குழுக்கள் இதைத் தொடர்ந்து ஆராய்கின்றன. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கீழறை செல்கள் மின்சார ரீதியாகப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இசிஜியில் அதற்கு எடுக்கும் நேரத்தைத்தான் க்யூடி இடைவெளி என்று அளக்கிறோம். இதில் ஹெர்க் என்ற பொட்டாசியம் சேனலுக்குப் பெரிய பங்கு. ஆன்டி-ரோ, குறிப்பாக ரோவின் இரண்டு வகைகளான ரோ-52, ரோ-60 ஆகியவற்றில் ரோ-52ஐக் குறிவைக்கும் ஆன்டிபாடி, இந்தச் சேனலின் வாசலருகே ஒட்டி அதை அடைக்கிறது என்று செல்களில் காட்டினார்கள், கினிப்பன்றிகளில் அந்த ஆன்டிபாடியை உருவாக்கியபோது அவற்றின் க்யூடியும் நீண்டது. க்யூடி மிக நீண்டால் டார்சாட் என்ற ஆபத்தான லயக்கோளாறு வரலாம், மயங்கி விழலாம், சில நிமிடங்களில் உயிரே போகலாம். டார்சாட் வந்து சேர்ந்த நோயாளிகளை வரிசையாகச் சோதித்துப் பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்டோரிடம் ஆன்டி-ரோ இருந்தது, அவர்களில் பெரும்பாலோருக்கு மூட்டு நோயின் அறிகுறியே கிடையாது.

இதைப் படித்துவிட்டு ஆன்டி-ரோ உள்ள எல்லோரும் பயப்பட வேண்டுமா என்றால், வேண்டாம். ஹெர்க் கொஞ்சம் அடைபட்டாலும் சமாளிக்க இதயத்திடம் வேறு பொட்டாசியம் சேனல்கள் உண்டு. குடும்பத்தில் கைவசமிருக்கும் சேமிப்பு மாதிரி, ஒரு செலவு வந்தால் தெரியாது, ஒரே மாதத்தில் நாலு செலவு வரும்போதுதான் கை காலியாகும். ஷோகிரன் உள்ள ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். பெண் என்பதாலேயே க்யூடி சற்று நீளம். இரண்டு நாள் வாந்தி பேதியில் பொட்டாசியம் இறங்கியிருக்கிறது. வாந்திக்கு ஒன்டான்செட்ரான் ஊசி, தொண்டை வலிக்கு அசித்ரோமைசின், தெருமுனை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பூஞ்சை மருந்து ஃப்ளூகொனசோல். ஒவ்வொன்றும் தனித்தனியாக எத்தனையோ பேர் ஆபத்தில்லாமல் எடுத்துக்கொள்வதுதான், ஆனால் எல்லாமே க்யூடியை நீட்டும் மருந்துகள். இவற்றுக்கு அடியில் ஆன்டி-ரோவும் இருந்தால் விபரீதம். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு இசிஜி எடுத்துப் பார்ப்பது எவ்வளவு சின்ன வேலை! துடிப்பின் வேகத்துக்கேற்பத் திருத்திய க்யூடியான க்யூடிசி 500 மில்லிசெகண்டைத் தாண்டியிருந்தால் அன்றைக்கே மருந்துகளை மாற்றிவிடலாம்.

எல்லா ஆய்வுகளும் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லூபஸ் நோயாளிகளை வைத்துச் செய்த சில ஆய்வுகளில் ஆன்டி-ரோவுக்கும் க்யூடிக்கும் தொடர்பே தெரியவில்லை. அளவு, ரோ-52ஆ ரோ-60ஆ என்பது, எந்த முறையில் சோதித்தார்கள் என்பது, இவையெல்லாம் முடிவை மாற்றுகின்றன. போதாததற்கு, அழற்சியே தனியாக க்யூடியை நீட்டும். அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 என்ற புரதம் ஏறினால் ஹெர்க் குறையும், முடக்குவாதத்தில் அதைத் தடுக்கும் டோசிலிசுமாப் கொடுத்தபோது க்யூடி சுருங்கியது.

ஆன்டி-ரோ தவிர வேறு ஆன்டிபாடிகளும் இந்தக் களத்தில் உண்டு. பிரேசிலில் கார்லோஸ் சாகஸ் 1909ல் கண்டறிந்த சாகஸ் நோயில், ஒட்டுண்ணிக்கு எதிராக உண்டான ஆன்டிபாடிகள் இதயத்தின் பீட்டா-1 ஏற்பியிலும் எம்-2 ஏற்பியிலும் ஒட்டுகின்றன, ஒன்று துடிப்பை விரட்டும், இன்னொன்று அடக்கும். தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில், மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வருவதற்கு ஹார்மோன்தான் முதல் காரணம் என்றாலும், அதே இரண்டு ஏற்பிகளுக்கு எதிரான ஆன்டிபாடிகளும் அங்கே கைகொடுக்கின்றன என்று அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 2009ல் காட்டினார்கள். நமக்கு நெருக்கமான உதாரணம் ருமாட்டிக் காய்ச்சல், தொண்டைப் புண்ணுக்குக் காரணமான கிருமிக்கு எதிராகக் கிளம்பிய எதிர்ப்பு இதயத்தின் மேலும் திரும்பிவிடுவது. வால்வு கெடுவதைத்தான் எல்லோரும் பேசுகிறோம், ஆனால் அந்தக் காய்ச்சலின்போது மின் சைகை மேலறையிலிருந்து கீழறைக்குப் போக எடுக்கும் நேரமான பிஆர் இடைவெளி இசிஜியில் நீள்வது நோயை உறுதிசெய்யும் ஜோன்ஸ் அளவுகோல்களிலேயே இருக்கிறது.

புருகாடா கதை வேறு மாதிரி. இளம் ஆண்கள் தூக்கத்தில் இறந்துபோகக் காரணமாகும் இந்த நோயைப் பரம்பரை சோடியம் சேனல் கோளாறு என்றுதான் இவ்வளவு நாள் படித்தோம், ஆனால் நோயாளிகளில் பெரும்பாலோரிடம் மரபணுவில் எதுவும் கிடைப்பதில்லை. 2024ல் மிலானிலிருந்து வந்த ஆய்வு, சோதித்த 50 நோயாளிகளில் 90 சதவீதம் பேரிடம் அந்தச் சோடியம் சேனலுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்ததாகச் சொன்னது. கேட்கவே ஆச்சரியமாக இருக்கிறது, ஆனால் 50 பேர்தான், வேறு இடங்களிலும் இதே முடிவு வரட்டும், அதுவரை நான் இதை ஒரு நல்ல தடயம் என்ற அளவில்தான் எடுத்துக்கொள்வேன்.

ஏன் இந்தக் கறார் என்றால், ஆன்டிபாடி இருக்கிறது என்பது வேறு, அதுதான் நோயை உண்டாக்கியது என்பது வேறு. இதய செல்கள் எந்தக் காரணத்தால் சிதைந்தாலும் உள்ளிருந்த புரதங்கள் வெளியே வரும், அவற்றைப் பார்த்து உடம்பு ஆன்டிபாடி செய்துகொள்ளும், அப்போது ஆன்டிபாடி விளைவாகத்தான் இருக்கும். காரணம் என்று சொல்ல வேண்டுமானால் அந்த ஆன்டிபாடியைப் பிரித்தெடுத்து வேறொரு உடம்பில் செலுத்தினால் அங்கேயும் அதே நோய் வர வேண்டும். பீட்டா-1 ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி விஷயத்தில் 2004ல் எலிகளில் அதைச் செய்து காட்டினார்கள், அந்த எலிகளின் சீரத்தை ஆரோக்கியமான எலிகளுக்கு ஏற்றியபோது அவற்றின் இதயமும் தளர்ந்து வீங்கியது. ஆன்டி-ரோவுக்கு அந்தப் பரிசோதனையை யாரும் திட்டமிட்டுச் செய்ய வேண்டியிருக்கவில்லை, ஒவ்வொரு கர்ப்பத்திலும் ஒரு உடம்பின் ஆன்டிபாடி இன்னொரு உடம்புக்குப் போகிறது.

சோதனை செய்துகொள்ளப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஏ.என்.ஏ. என்ற பொதுச் சோதனை நெகட்டிவ் என்று வந்தாலும் ஆன்டி-ரோ இருக்கலாம். சந்தேகம் இருந்தால் ஏ.என்.ஏ. ப்ரொஃபைல் என்று கேட்டுச் செய்ய வேண்டும். அந்த ரிப்போர்ட்டில் எஸ்எஸ்-ஏ (ரோவின் இன்னொரு பெயர்) என்று ஒரு வரியும் ரோ-52 என்று தனியாக இன்னொரு வரியும் இருக்கும், பக்கத்தில் ஒரு பிளஸ், இரண்டு பிளஸ், மூன்று பிளஸ் என்று போட்டிருப்பார்கள். இரண்டு வரியையும் பாருங்கள், ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். லூபஸ் அல்லது ஷோகிரன் உள்ள பெண்கள், ஒரு குழந்தைக்கு ஹார்ட் பிளாக் வந்த பெண்கள், காரணம் புரியாமல் க்யூடி நீண்டவர்கள் ஆகியோருக்கு இந்தச் சோதனையில் அர்த்தம் இருக்கிறது. படபடப்பு வந்த எல்லோரும் இதற்காக ஆய்வகத்துக்கு ஓட வேண்டியதில்லை.

சிகிச்சையில் அடுத்த கட்டம் எங்கே போகும் என்றால், ஆன்டிபாடியை நேரடியாகக் கட்டுப்படுத்துவதை நோக்கித்தான். 2010ல் வெளியான ஆய்வுகளில் கர்ப்பிணிகளுக்கு ஐவிஐஜி, அதாவது தானம் செய்தவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடிகளை ஏற்றிப் பார்த்தார்கள், ஹார்ட் பிளாக்கைத் தடுக்க முடியவில்லை. இப்போது ஆன்டிபாடியைக் கடத்தும் எஃப்.சி.ஆர்.என். ஏற்பியையே அடைக்கும் மருந்துகள் வந்துவிட்டன, தசைகள் தளர்ந்துபோகும் மயஸ்தீனியா நோய்க்கு 2021 முதல் அமெரிக்காவில் அனுமதி உண்டு. தாயின் ஆன்டிபாடி சிசுவின் சிவப்பணுக்களை அழிக்கும் நோயில் இந்த வகையைச் சேர்ந்த நிபோகாலிமாபைக் கர்ப்பிணிகளுக்கே கொடுத்துப் பார்த்து 2024ல் நம்பிக்கையான முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். அந்த வாசலை அடைத்தால் ஆன்டி-ரோவும் சிசுவுக்குப் போகாது. ஆனால் தாய் கொடுக்கும் நல்ல ஆன்டிபாடிகளும் அதே வாசல் வழியாகத்தான் போகின்றன, பிறந்த குழந்தை அந்தப் பாதுகாப்பில்லாமல் முதல் மாதங்களைக் கடக்க வேண்டியிருக்கும். அதனால் இந்த வகை மருந்து ஆன்டி-ரோவுக்குப் பயன்பட்டாலும் முதலில் கைகொடுக்கப்போவது ஏற்கெனவே ஒரு குழந்தையை இப்படி இழந்த, ஆன்டிபாடி மிக அதிகமாக உள்ள தாய்மார்களுக்குத்தான், அவர்களுக்கும் 18 முதல் 24 வாரம் வரையிலான அந்த ஆபத்தான காலத்தை மட்டும் கடக்கிற அளவுக்கு எவ்வளவு நாள் கொடுத்தால் போதும் என்று கணக்குப் போட வேண்டியிருக்கும்.